திரும்பப் போனீங்களா?

டீச்சர் பதில்கள்

"பள்ளிக்கூடத்தில் லீடராக இருந்தது பிற்காலத்தில் உதவுமா?" என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "உதவும், திட்டு வாங்கப் பழகியிருப்பீர்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லித் தப்பித்துவிட்டேன். விடுவார்களா? ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்தது. சேலம், ஏற்காடு, ஆத்தூர்ப் பக்கத்துக் கடிதங்களை மட்டும் இந்த முறை பிரித்திருக்கிறேன். 31 வருஷம் வணிகவியல் டீச்சராக இருந்தேன். முதல் ஆறு வருஷம் மலை மேலே, மீதியெல்லாம் சேலம் டவுனில். அதில் பன்னிரண்டு வருஷம் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பு. சொல்வதெல்லாம் அந்த அனுபவத்தில்தான். படித்துப் பட்டம் வாங்கிய நிபுணத்துவம் எதுவும் இதில் கிடையாது.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கிளாஸ் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவதுதான் வேலையாம். இரண்டு வாரமாக அவளோடு சாப்பிட யாரும் உட்காருவதில்லை. என்ன செய்ய?
- ஒரு அம்மா, குகை

அம்மா, இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பத்து வருஷம் நானும் அதே வேலையைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் லீடர் சாக்பீஸை எடுப்பாள். பேசினால் பேர், மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு இன்ட்டு, அதற்கு மேல் பேசினால் பெரிய இன்ட்டு. வகுப்பு அமைதியாக இருக்கும், எனக்கும் நிம்மதி.

ஒரு நாள் ஒரு லீடரின் ஜாமெட்ரி பாக்ஸ் தற்செயலாகத் திறந்து கீழே விழுந்தது. உள்ளே காம்பஸைக் காணோம். பதினோரு பேனா, ஒரு கை நிறையத் தேன் மிட்டாய். விசாரித்ததில் போர்டில் எழுதின பேரை அழிக்க ஒரு தேன் மிட்டாய், இன்ட்டை அழிக்க ஒரு பேனா என்று விலை வைத்திருந்தது தெரிந்தது. வணிகவியல் டீச்சரின் வகுப்பிலேயே வரவு வைக்காத வருமானம்! அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நான் கொடுத்திருந்தது போலீஸ் வேலை. அவளும் அந்த வேலையில் வழக்கமாக நடப்பதைத்தான் செய்திருந்தாள்.

அடுத்த வருஷம் பேசுகிறவர்கள் பட்டியலை நிறுத்திவிட்டேன். லீடருக்கு ஒரு குயர் நோட்டு கொடுத்து, "தொடர்ந்து ரெண்டு நாள் வராத பிள்ளை யாரு, ஏன் வரலைன்னு மூணாவது நாள் காலையில எனக்குச் சொல்லணும்" என்றேன். அவ்வளவுதான். அம்மை போட்டவள், தாத்தா இறந்துபோனவள், செருப்பு அறுந்துபோய் வர வெட்கப்பட்டவள் என்று ஒவ்வொன்றாக வந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலைக்கு உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண்ணைக் கண்டுபிடித்ததும் அந்த நோட்டுதான். வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' மட்டும்தான் இருந்தது. தலைமையாசிரியை நேரில் போய்ப் பேசி அவளைத் திரும்பக் கூட்டி வந்தார். முதலில் அவள் வீட்டு வாசலுக்குப் போனது பதினாலு வயது லீடர்.

நீங்கள் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம். "என் பொண்ணு இந்த வேலையும் செய்யட்டுமா டீச்சர்?" என்று நோட்டு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். அது வரைக்கும், அவள் பேசினால் முதலில் தன் பேரையே எழுதட்டும். மதியம் கூடச் சாப்பிட ஒருத்தியாவது வந்து உட்காருவாள்.

அரசுப் பள்ளிகளில் இப்போது மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். ஏற்காட்டுப் பையன் ஒருவன் தான் நெய்தலில் இருப்பதாக என்னிடம் வந்து சொன்னான். "கடலைப் பார்த்ததே இல்லீங் மிஸ், தலைவர் வேற நான்தான்" என்றான்.

பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்துவிட்டாள். வருஷத்துக்கு 120 மணி நேரமாம். மார்க் போய்விடும் என்று அவள் அப்பா சத்தம் போடுகிறார். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது.
- அம்மாப்பேட்டை

கணக்குப் போட்டுவிடலாம். வருஷம் 120, இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம். பள்ளி நடக்கிற வாரங்கள் 40 என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 3 மணி நேரம். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் ஓடிப்போகிற மார்க் எப்படியும் ஓடிப்போகும்.

உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருப்பதுதான் முதல் விஷயம் என்று எனக்குப் படுகிறது. சனிக்கிழமை அவள் பள்ளிக்குப் போய்விட்டால் தறிக்குத் தார் நூல் சுற்ற ஆள் இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நேராகச் சொல்லிவிடுங்கள். அம்மாப்பேட்டைப் பிள்ளைகளை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவள் நான். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், தறிக்கு நேரமாகிவிடும் என்றுதான். திட்ட அலுவலரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். வீட்டில் ஒரு தம்பி இருந்தால் அவனுக்கும் இரண்டு கை இருக்கிறது என்பதையும் அவள் அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

சேவை செய்தால் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் பார்த்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேறு. என்னிடம் இருந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், தெருவில் ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வாங்கித் தர மூன்று தடவை தாலுகா ஆபீஸுக்குக் கூடப் போனாள். இரண்டு வருஷம் கழித்து அவள் அப்பாவுக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்பட்டது. எந்த அறை, யாரிடம் கையெழுத்து, எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருப்பார் என்பதெல்லாம் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அப்பா அவள் பின்னாலேயே போனார்.

என்.எஸ்.எஸ். பேட்ஜில் ஏன் சக்கரம் இருக்கிறது? எங்கள் சாரும் 'பார்த்துச் சொல்கிறேன்' என்கிறார்.
- பிளஸ் ஒன் மாணவன், அஸ்தம்பட்டி

கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம் தம்பி அது. எட்டு ஆரம் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது. எந்த நேரமும் தயாராக இரு என்று அர்த்தம். காந்தி நூற்றாண்டு வருஷமான 1969இல், செப்டம்பர் 24ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே என்று தூக்கத்தை விட்டுவிடாதே. முகாமில் மூன்றாம் நாள் காலை காய்ச்சலோடு படுப்பவர்கள் முதல் இரண்டு ராத்திரியும் பேசிக்கொண்டே இருந்தவர்கள்தான்.

நான் பத்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு வாசிக்கச் சொல்லித்தரும்படி எங்கள் மிஸ் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் வாயே திறப்பதில்லை. புத்தகத்தை எடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். எனக்குக் கோபம் வருகிறது, அப்புறம் அழுகை வருகிறது.
- மாணவி, நாகலூர்ப் பக்கம், ஏற்காடு

கண்ணு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உனக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலில் உங்கள் மலைக்குத்தான் வந்தேன். 20 கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி வந்த டீச்சர் என்று ரொம்ப நாள் என்னைக் கிண்டல் செய்வார்கள். பனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். கடைசி பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகவே கடைசி பெஞ்சுக்குப் போகிற பிள்ளைகளும் இருந்தார்கள். மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்து வருவார்கள். வீட்டில் அவர்கள் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற தமிழ் இன்னொன்று. தரையில் இருந்து வந்த எனக்கு அது புரியவே ஒரு வருஷம் ஆனது.

உன் பையனைப் போல அங்கேயும் ஒருவன் இருந்தான். இப்போது ஜீப் ஓட்டுகிறான், அதனால் பேர் வேண்டாம். பிளஸ் ஒன் படித்த ஒரு பெண்ணிடம் அவனை ஒப்படைத்தேன். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவளும் உன்னைப் போலவே என்னிடம் வந்து அழுதாள். அப்புறம் காப்பிப் பழம் எடுக்கிற சீசன் வந்தது. பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள், தெரியும்தானே. இவன் வந்தான், ஆனால் சட்டைப் பையில் ஒரு சீட்டை வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மா தோட்டத்தில் எடை போட்ட சீட்டு. சாயங்காலம் கடையில் காட்டி சாமான் வாங்க வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட்டு, "நேத்து உங்கம்மா எத்தனை கிலோடா எடுத்தாங்க?" என்று கேட்டாள். சீட்டைப் பிரித்து எண்ணைப் படித்தான். எண் அவனுக்குத் தெரிந்திருந்தது! அடுத்த நாள் அந்த நாள் சீட்டு, அதற்கடுத்த நாள் அந்த நாள் சீட்டு. கிலோவில் இருந்து கூலிக்கு வந்தார்கள், கூலியில் இருந்து தேதிக்கு. ஒரு வாரம் கழித்து அவனாகவே விரலை வைத்து, "இங்க ஒரு எழுத்தை விட்டுட்டாங்க" என்றான். அம்மா பேரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. அந்த வருஷம் வகுப்பில் அவன் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான். கணக்கப்பிள்ளையின் தப்பைப் பிடித்தவனுக்கு அப்புறம் பாடப்புத்தகம் பெரிய பயமாக இல்லை.

அதனால் புத்தகத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வை. அவன் வீட்டில் எழுத்து என்று என்ன இருக்கிறது என்று பார். பஸ் போர்டு, ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை, எதுவானாலும் பரவாயில்லை. எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். எதிரே உட்கார்ந்தால் அவனுக்கு நீயும் ஒரு டீச்சர்தான். இருபது நிமிஷம் போதும். முதல் பத்து நிமிஷம் எந்தத் தப்பையும் திருத்தாதே. நடுவில் அவனுக்குத் தெரிந்து உனக்குத் தெரியாத ஒன்றைக் கேள். காட்டெருமை நேற்று ராத்திரி எந்தப் பக்கம் போனது என்று கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொன்று. அவனுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்த்தாயா? பத்தடி தள்ளி நின்று முதுகுப் பக்கமிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார். போர்டில் எழுதியிருப்பதைக் கடைசியில் நின்று சொல்லச் சொல். சந்தேகம் இருந்தால் உடனே மிஸ்ஸிடம் சொல். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கண் பரிசோதனை செய்து கண்ணாடி கொடுக்கிறது. மக்கு என்று நாங்கள் முடிவு கட்டிய இரண்டு பேருக்குக் கண்ணாடி மட்டும்தான் தேவைப்பட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஒருவேளை அவன் வாயைத் திறந்து, யாரோ அடிக்கிறார்கள், தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்கள் என்று சொன்னால்? "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் மட்டும் செய்துவிடாதே. பெரிய பிள்ளைகள் தப்பு செய்கிற இடம் இதுதான். "நீ எங்கிட்ட சொன்னது நல்லது, உதவி பண்றவங்ககிட்ட நான் சொல்றேன்" என்று சொல்லி, அன்றைக்கே நீ நம்புகிற டீச்சரிடம் போ. 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள். நீ தனியாகச் சுமக்கிற பாரம் இல்லை அது.

நாலு பேர் உனக்கு அதிகம். இரண்டு பேரைத் தோழி யாருக்காவது பிரித்துக் கொடு. பொதுத்தேர்வு வருஷம் இது, பொங்கலுக்கு அப்புறம் நிறுத்திக்கொள். நிறுத்தும்போது அந்தப் பையனிடம் நேரில் சொல்லிவிட்டு நிறுத்து. திடீரென்று காணாமல் போகாதே, தன்னால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

பள்ளி மாணவர்களாகிய நாங்கள் ரத்ததான முகாம் நடத்தலாமா?
- பிளஸ் டூ மாணவர்கள், சூரமங்கலம்

நடத்தலாம், கொடுக்கக் கூடாது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ. ஒருவன் அண்ணனின் ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றான். நர்ஸம்மா முகத்தைப் பார்த்ததுமே "போய் பால் குடிச்சிட்டு வா சாமி" என்று அனுப்பிவிட்டார். அப்பா அம்மாவைக் கூட்டி வாருங்கள், ஊசிக்குப் பயப்படும் மாமாவுக்குக் கை பிடியுங்கள். கொடுத்தவர் எழுந்தவுடன் நடக்காமல் பத்து நிமிஷம் உட்காரப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய வேலை.

புதிதாக என்.எஸ்.எஸ். பொறுப்பு வந்திருக்கிறது. ஏழு நாள் முகாமுக்கு 200 மரக்கன்று இலவசமாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
- ஆசிரியர், ஆத்தூர்

சார், என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் முகாம் ஒரு தடவை அரையாண்டு லீவில், மார்கழியில் நடந்தது. வாழப்பாடிக்கு உள்ளே ஒரு கிராமம். நூறு வேம்பும் புங்கனும் நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பிள்ளை பேர். பேனர் கட்டினோம், ஊர்ப் பெரியவர் ஒருவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார், பேப்பரிலும் வந்தது. அடுத்த வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவள் சும்மா எட்டிப் பார்த்தேன். நூறில் நாலு இருந்தது. அந்த நாலும் கோயில் சுவருக்கு உட்பக்கம். மழை முடிந்தபின் நட்டால் தை, மாசி தாண்டிப் பங்குனி வெயிலில் எந்தக் கன்று நிற்கும்? மிச்சம் இருந்ததை ஆடு பார்த்துக்கொண்டது. புரட்டாசி, ஐப்பசியில் நட்டிருக்க வேண்டும், முள் வேலி போட்டிருக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற ஆள் வைத்திருக்க வேண்டும். ஒன்றையும் செய்யவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏனுங் டீச்சர், நட்டீங்க, போட்டா புடிச்சீங்க, அப்பறம் ஒருக்கா திரும்பப் போய்ப் பாத்தீங்களா?" என்றார். சண்டை போடவில்லை, விசாரித்தார், அவ்வளவுதான். கல்யாணத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் என் முகாம் நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டேன். பற்று வரவு எழுதி எழுதிப் பழகிய கை. இடது பக்கம் 'போனது', வலது பக்கம் 'திரும்பப் போனது'. வலது பக்கம் காலியாக இருக்கிற வேலை எதையும் ஆண்டறிக்கையில் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் வருஷம் அறிக்கை அரைப் பக்கம்தான் வந்தது. மேலே இருந்து கேட்டார்கள், ஏன் இவ்வளவு குறைவு என்று. சொன்னேன். சிரித்தார்கள்.

ஆகையால் கன்று 200 வேண்டாம், 20 வாங்குங்கள். அந்த ஊரில் அதற்குத் தண்ணீர் ஊற்றச் சம்மதிக்கிற இருபது வீட்டை முதலில் பிள்ளைகள் தேடட்டும். வீடு தேடுகிற வேலையில்தான் அவர்களால் பேசக் கற்றுக்கொள்ள முடியும். கதவைத் தட்டி, "பாட்டி, தண்ணி குடுங்க" என்று கேட்டு, உட்கார்ந்து, விஷயத்துக்கு வர வேண்டும். மைக் பிடித்துப் பேசுகிற பையன் பல பேர் அங்கே திக்குவான். வகுப்பில் பேசவே பேசாத பெண் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் வீட்டு விஷயமெல்லாம் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். யாருக்கு எந்த வேலை கொடுப்பது என்பது உங்களுக்கு அப்போது தெரியும்.

ஏழு நாளும் ஒரே தலைவர் வேண்டாம். நாளுக்கு இரண்டு பேர், ஒரு பையன் ஒரு பெண். அன்றைக்கு அரிசி அளப்பதில் இருந்து ராத்திரி விளக்கு அணைப்பது வரை அவர்கள் பொறுப்பு. சாம்பாரில் உப்பு அதிகமானால் அவர்கள்தான் ஊர்க்காரர்கள் முன்னால் வழிய வேண்டும். எங்கள் முகாம் ஒன்றில் நான்காம் நாள் தலைவர்கள் தெருக்குழாய் உடைந்து சாக்கடையோடு கலப்பதைப் பார்த்து எங்களிடம் சொன்னார்கள். மனுவை அவர்களே எழுதினார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கிற குறைதீர் கூட்டத்துக்கு ஊர்க்காரர் இரண்டு பேரோடு போய்க் கொடுத்து, ரசீதையும் கையில் வாங்கி வந்தார்கள். குழாயைச் சரிசெய்ய வைக்க மூன்று திங்கட்கிழமை ஆனது. வலது பத்தியில் மூன்று தேதி. என் 12 வருஷத்தில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

சில்லறை விஷயங்கள்: பெண் பிள்ளைகள் படுக்கிற இடத்தையும் கழிப்பறையையும் முகாமுக்கு முன்னால் நீங்களே போய்ப் பாருங்கள், தொலைபேசியில் கேட்டு நம்ப வேண்டாம். கூடவே ஒரு ஆசிரியை கட்டாயம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. அசையாமல் படுக்கவைத்து 108க்கு அழைத்து ஆஸ்பத்திரி. இதை முதல் நாள் ராத்திரியே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், ஊர்க்காரர்களையும் உட்காரவைத்து.

என் மகன் வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான். சமூக சேவை காட்ட வேண்டுமாம். குறுகிய காலத்தில் செய்யக்கூடிய நல்ல சேவை ஒன்றைச் சொல்லுங்கள்.
- ஃபேர்லேண்ட்ஸ்

நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. முதியோர் இல்லம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் எனக்குத் தெரிந்த ஒரு இல்லத்துக்கு நாலு பள்ளிக்கூடம் வரும். நாலும் லட்டு கொண்டு வரும். பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. ஆடி மாதம் அங்கே ஒரு ஈ காக்கா வராது.

உங்கள் பையன் அங்கேயே போகட்டும், ஆனால் ஆடியில் போகட்டும். லட்டுக்குப் பதில் நகவெட்டியும் செய்தித்தாளும் கொண்டு போகட்டும். நகம் வெட்டிவிடவும் பேப்பர் படித்துக் காட்டவும்தான் அங்கே ஆள் இல்லை. ஞாயிறு தோறும் ஆறு மாதம். குறுகிய காலம் என்று கேட்டீர்கள், இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது. எந்தப் பாட்டிக்கு எந்தக் காது கேட்கும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டால், விண்ணப்பக் கட்டுரையை எழுத உங்கள் உதவி அவனுக்குத் தேவைப்படாது.

எங்கள் பள்ளி சார்பில் மூக்கனேரியைச் சுத்தம் செய்யப் போகிறோம். ஒரு நாள் போதுமா?
- சாரணர் குழு, கன்னங்குறிச்சி

கரையில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்க ஒரு நாள் போதும். அடுத்த மழையில் ஓடை வழியாக அவ்வளவும் திரும்பி வரும். அந்த ஏரிக்குத் தண்ணீர் சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்து வருகிறது, வருகிற வழியில் எத்தனை தெரு இருக்கிறது பாருங்கள். சேலத்துக்காரர்கள் கூடி 2010ஐ ஒட்டி அந்த ஏரியைத் தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்றைக்கு நீங்கள் பறவை பார்க்கிற திட்டுகள் அவைதான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஆட்கள் வந்ததால்தான் அது ஆனது.

நீங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரே இடத்தில் ஐம்பது அடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன குப்பை, எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். நாலு மாதத்தில் எந்தக் கடை, எந்தத் தெரு என்று உங்களுக்கே பிடிபடும். அங்கே போய்ப் பேசுவதுதான் நிஜமான சுத்தம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஊசி கிடந்தால் பெரியவர்களைக் கூப்பிடுங்கள், தண்ணீரில் ஒருவரும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பள்ளி மாணவர் தலைவர் தேர்தலில் 11 ஓட்டில் தோற்றுவிட்டேன். ஜெயித்தவன் ஒன்றுமே செய்வதில்லை.
- செவ்வாய்ப்பேட்டை

பேட்ஜ் அவனிடம் இருக்கட்டும். வேலை சும்மா கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாயே, எடுத்துச் செய்!

மகன் லீடர் ஆனதில் இருந்து வீட்டில் எல்லாரையும் அதிகாரம் செய்கிறான்.
- கொண்டலாம்பட்டி

குடிதண்ணீர் வருகிற நாளில் குடங்களுக்கு அவனைப் பொறுப்பாக்குங்கள். வரிசையில் நிற்கிற அக்காக்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து பள்ளியில் சாயங்கால வாசிப்பு அறை ஒன்றை இரண்டு வருஷமாக நடத்துகிறோம். மார்ச்சில் பிளஸ் டூ முடித்துப் போய்விடுவோம். அப்புறம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- மாணவிகள், அயோத்தியாப்பட்டணம்

நின்றுவிடும், நீங்கள் மார்ச் வரை கையிலேயே வைத்திருந்தால். என் பிள்ளைகள் நடத்திய மூன்று நல்ல விஷயங்கள் அப்படித்தான் செத்தன. பரீட்சை நெருங்கும், ஹால் டிக்கெட் வரும், அழுதுகொண்டே பிரிவு விழா நடக்கும், ஜூனில் வந்து பார்த்தால் அறையில் பழைய பெஞ்ச் அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்து மூன்று பேரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல இருப்பவர்களையே தேடாதீர்கள். நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, சின்னப் பிள்ளைகள் ஒட்டிக்கொள்கிற பெண் ஒருத்தி, கதவைத் திறக்கச் சரியான நேரத்துக்கு வருகிறவள் ஒருத்தி. மூன்றாவது ஆள்தான் முக்கியம். கார்த்திகையில் அவர்கள் நடத்தட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். தப்பாகச் செய்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கஷ்டம்தான், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு அப்புறம் அந்த அறைப் பக்கமே போகாதீர்கள்.

நோட்டு ஒன்று எழுதி வையுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும், யாருக்கு வீட்டில் விளக்கு இல்லை, எந்த மின்விசிறி சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும், புத்தகம் கொடுத்த பெரியவர் எந்தத் தெரு, இப்படி. பெருமையெல்லாம் அதில் வேண்டாம்.

அறைச் சாவி இப்போது உங்களில் ஒருத்தியின் பையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாளைக்கே அதற்கு ஒரு நகல் சாவி செய்து வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். எந்தக் கதவு என்று ஒரு துணித்துண்டில் எழுதிக் கட்டுங்கள், அவரிடம் நாற்பது சாவி இருக்கும்.